வேலூரில் எலக்ட்ரீசியன் உரிமமும் மின் ஆய்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீடு கட்டுகிறவர்கள், வயரிங் வேலை கற்றுக்கொண்டு உரிமம் தேடும் இளைஞர்கள், சிறிய பட்டறையோ தறிக்கூடமோ வைத்திருப்பவர்கள் என்று வேலூர்ப் பக்கத்தில் பலரும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டிருக்கின்றன. சில கேள்விகளுக்கு ஒரு வரியே போதும். சிலவற்றுக்குக் கொஞ்சம் சுற்றி வர வேண்டியிருக்கிறது.

எலக்ட்ரீசியனுக்கு உரிமம் கொடுப்பது யார்? மாநகராட்சியா, ஈ.பி.யா?

இரண்டும் இல்லை. சென்னை கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கும் தமிழ்நாடு மின் உரிம வாரியம்தான் கொடுக்கிறது. மாநில அரசின் மின் ஆய்வுத் துறையோடு சேர்ந்து இயங்கும் வாரியம் இது. துறைக்குத் தலைவர் தலைமை மின் ஆய்வாளர். வேலூரில் மட்டும் செல்லும் உரிமம், காட்பாடியில் மட்டும் செல்லும் உரிமம் என்று எதுவும் கிடையாது. கிண்டியில் கொடுத்த சான்றிதழ் கன்னியாகுமரி வரை செல்லும்.

ஈ.பி. என்று நாம் இன்றும் சொல்லும் நிறுவனம் மின்சாரம் விற்கிறது. 1957இல் மின்சார வாரியமாகத் தொடங்கி, 2010இல் பிரிக்கப்பட்டு, இப்போது தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்ற பெயரில் இருக்கிறது. அங்கே வேலை பார்க்கும் கம்பியாளர் கம்பத்தில் ஏறும் உரிமை பெற்றவர். அந்த வேலையைக் காட்டி உங்கள் வீட்டுக்குள் ஒப்பந்த வேலை எடுக்க முடியாது. விற்பவன் வேறு, வேலை செய்பவன் வேறு, சரிபார்ப்பவன் வேறு என்பதுதான் இந்த ஏற்பாட்டின் எண்ணம்.

பழைய வட ஆற்காடு இப்போது பல மாவட்டங்கள். எங்கள் உரிம அலுவலகமும் மாறிவிட்டதா?

1989இல் திருவண்ணாமலை பிரிந்தது. 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. கலெக்டர் அலுவலகம் மாறியது, உரிமம் கொடுக்கும் இடம் மாறவில்லை. ஆம்பூர்க்காரருக்கும் ஆற்காட்டுக்காரருக்கும் கிண்டிதான்.

அப்படியானால் மாநகராட்சிக்கு இதில் வேலையே இல்லையா?

கட்டட வரைபடத்துக்கு அனுமதி தருவது, சொத்துவரி விதிப்பது, தெருவிளக்கைப் பராமரிப்பது ஆகியவை அதன் வேலைகள். இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது சொத்துவரி ரசீது தேவைப்படும், அந்த அளவில் தொடர்பு உண்டு. சுவருக்குள் ஓடும் வயரை மாநகராட்சிப் பொறியாளர் பார்ப்பதில்லை. "கார்ப்பரேஷன் அப்ரூவல் இருக்கிறது, வயரிங் பற்றிக் கவலை வேண்டாம்" என்று யாராவது சொன்னால் அவருக்கு விஷயம் தெரியவில்லை என்று பொருள்.

'சி லைசென்ஸ்', 'பி லைசென்ஸ்', 'எச் லைசென்ஸ்' என்கிறார்களே, அவை என்ன?

ஆளுக்குக் கொடுப்பது தகுதிச் சான்றிதழ், நிறுவனத்துக்குக் கொடுப்பது ஒப்பந்ததாரர் உரிமம். பேச்சில் இரண்டையும் லைசென்ஸ் என்றே சொல்லிவிடுகிறோம்.

'சி' என்பது மேற்பார்வையாளர் தகுதிச் சான்றிதழ். மின்னியலில் டிப்ளமோவோ பட்டமோ முடித்து, பணி அனுபவமும் உள்ளவர்கள் வாங்குவது. வேலூர்த் தொரப்பாடியில் உள்ள தந்தை பெரியார் அரசு பாலிடெக்னிக்கில் படித்து வெளியே வந்தவர்களில் பலர் இந்த வழியில் போனவர்கள். 'பி' என்பது வயர்மேன், அதாவது மின்கம்பியாளர் தகுதிச் சான்றிதழ். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் அல்லது வயர்மேன் பிரிவு முடித்தவர்களுக்கு இயல்பான அடுத்த படி. 'எச்' என்பது மின்கம்பியாளர் உதவியாளர் சான்றிதழ்.

ஒரு வேலை சட்டப்படி நடக்க இந்த அடுக்குகள் சேர்ந்து இருக்க வேண்டும். உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் வேலையை எடுக்க வேண்டும், தகுதிச் சான்றிதழ் உள்ள மேற்பார்வையாளர் நேரில் கண்காணிக்க வேண்டும், அனுமதி பெற்றவர் கையால் வேலை நடக்க வேண்டும். 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் இது 45ஆம் விதி. இப்போது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிமுறைகளில் இருக்கிறது. அவை 2010இல் வந்தன, 2023இல் புதிதாக எழுதப்பட்டன.

நான் ஐ.டி.ஐ. படிக்கவில்லை. அண்ணன் ஒருவரிடம் உதவியாளாக இருந்து தொழில் கற்றேன். எனக்கு வழி உண்டா?

உண்டு, தம்பி. உங்களைப் போன்றவர்களுக்காகவே மின்கம்பியாளர் உதவியாளர் தகுதிகாண் தேர்வு நடக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை அரசு ஐ.டி.ஐ.க்களில் நடத்தும் தேர்வு இது. 21 வயது நிறைந்திருக்க வேண்டும், வயரிங் தொழிலில் ஐந்து ஆண்டுகளுக்குக் குறையாத செய்முறை அனுபவம் வேண்டும். உச்ச வயது வரம்பு கிடையாது. நாற்பத்தைந்து வயதில் போய் எழுதத் தயங்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நடைமுறையில் இடறும் இடம் அனுபவச் சான்று. வேலை கற்றுக்கொடுத்தவரே உரிமம் இல்லாதவராக இருந்தால் யார் கையெழுத்துப் போடுவார்? அதனால் தொழில் கற்கத் தொடங்கும்போதே உரிமம் உள்ள ஒப்பந்ததாரரிடம் சேருவது நல்லது. கூலி கொஞ்சம் குறைந்தாலும் ஐந்து ஆண்டு கழித்து அந்தக் கையெழுத்து கிடைக்கும். தேர்வு அறிவிப்பு செய்தித்தாளில் மூலையில் சின்னதாக வரும். பக்கத்து ஐ.டி.ஐ.யில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்ததாரர் உரிமம் வாங்க என்ன வேண்டும்?

உரிமத்தில் தரங்கள் உண்டு: ஈ.எஸ்.ஏ., ஈ.ஏ., ஈ.எஸ்.பி., ஈ.பி. கடைசியில் உள்ள 'ஈ.பி.' மின் வாரியம் இல்லை, உரிமத்தின் தரம். இந்தக் குழப்பத்தைப் பயன்படுத்தி "நான் ஈ.பி. ஆள்" என்று சொல்லி வீட்டுக்குள் வருகிறவர்களும் ஊரில் உண்டு. எது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏ வகைத் தரங்கள் உயரழுத்த வேலை வரை செல்லும். பி வகைத் தரங்கள் வீடு, கடை, சிறு தொழில் போன்ற தாழ்வழுத்த வேலைகளுக்கானவை. விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் பெற்ற ஆட்கள் தம்மிடம் வேலையில் இருப்பதைக் காட்ட வேண்டும், மெக்கர் (வயரின் காப்பைச் சோதிப்பது), எர்த் டெஸ்டர் போன்ற சோதனைக் கருவிகளைக் காட்ட வேண்டும், வங்கியிடம் சொத்துத் தகுதிச் சான்றும் வாங்க வேண்டும். கருவியைக் காட்டச் சொல்வது சும்மா இல்லை. அளந்து பார்க்க முடியாதவன் சான்று கொடுக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

வீட்டில் எந்த வேலையை நானே செய்துகொள்ளலாம்?

பல்பு, மின்விசிறி, பியூஸ், சுவிட்ச் மாற்றலாம். 250 வோல்ட்டுக்கு மேற்படாத வீட்டுச் சாதனத்தை மாற்றலாம். ஒரே நிபந்தனை: மின் அமைப்பின் கொள்ளளவோ தன்மையோ மாறக் கூடாது. பழைய விசிறியைக் கழற்றிப் புதியதை மாட்டுவது விலக்குக்குள் வரும். விசிறி இருந்த லைனை நீட்டி ஏ.சி.க்குப் பாயின்ட் எடுத்தால் வராது. ஏப்ரல், மே மாதங்களில் வேலூரில் இரண்டாவது செயலைத்தான் அதிகம் பார்க்கலாம்.

புது வீட்டுக்கு இணைப்பு கேட்டிருக்கிறேன். அரசு மின் ஆய்வாளர் வந்து வயரிங்கைப் பார்ப்பாரா?

வரமாட்டார். சாதாரண வீட்டுக்கு மின் ஆய்வுத் துறையிலிருந்து யாரும் வருவதில்லை, வர வேண்டும் என்று விதியும் இல்லை.

விதி சொல்வது இதுதான். இணைப்புக் கொடுக்கும் முன் மின்சாரம் வழங்குபவர் அந்த வீட்டின் அமைப்பைத் தானே சோதிக்க வேண்டும். அல்லது, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் கையெழுத்திட்ட சோதனை முடிவுகளை ஏற்றுக்கொள்ளலாம். இந்த 'அல்லது'தான் நம் ஊர் வீடுகளின் பாதுகாப்பை முடிவு செய்கிறது. பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளர் பார்க்க வேண்டிய வேலைகளை எண்ணினால் மூச்சு முட்டும்: எரிந்த டிரான்ஸ்பார்மர், சாய்ந்த கம்பம், கோடையில் இறங்கும் மின்னழுத்தம், கட்டணப் பாக்கி. அவர் ஒவ்வொரு புது வீட்டிலும் மெக்கரை வைத்துக்கொண்டு அறை அறையாகப் போவார் என்று எதிர்பார்க்க முடியாது. கம்பத்திலிருந்து எவ்வளவு தூரம், மீட்டர் பலகை எங்கே, எவ்வளவு லோடு என்று பார்ப்பார்கள். உள்ளே இருப்பதற்கு ஒப்பந்ததாரரின் தாளை நம்புவார்கள்.

ஆகவே உங்கள் வீட்டு வயரிங்குக்கு நடக்கும் ஒரே ஆய்வு அந்த டெஸ்ட் ரிப்போர்ட்தான். அதில் கையெழுத்துப் போட்டவர் வீட்டுக்குள் வந்தாரா இல்லையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எலக்ட்ரீசியன், "எனக்கு லைசென்ஸ் இல்லை, தெரிந்தவரிடம் கையெழுத்து வாங்கித் தருகிறேன்" என்கிறார். எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

பலர் செய்கிறார்கள். அதனால் அது சரியாகிவிடாது.

கொஞ்சம் நியாயமாகப் பேசுவோம். வேலை செய்கிற அந்த எலக்ட்ரீசியன் பெரும்பாலும் கெட்டிக்காரராகவே இருப்பார். பைப் பதிப்பதில், போர்டு கட்டுவதில் கைசுத்தம் இருக்கும். உரிமம் வாங்காததற்குக் காரணம் சோம்பலாக இருக்க வேண்டியதில்லை. அனுபவச் சான்று கிடைக்காதது, கிண்டிக்கு அலைய முடியாதது, படிவத்தைக் கண்ட பயம் எனப் பலவும் இருக்கலாம். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. கையெழுத்தை விற்கிறவர் மேல்தான் வருத்தம். உரிமம் அவரிடம் இருக்கிறது, மெக்கரும் அவரிடம் இருக்கிறது, இரண்டையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் பேனாவை மட்டும் எடுத்து வருகிறார்.

ஆனால் வழி இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த எலக்ட்ரீசியனை விட வேண்டாம். கையெழுத்துப் போடப்போகும் ஒப்பந்ததாரரை வேலை தொடங்கும் முன்பே அழைத்துப் பேசுங்கள். வேலை அவர் பெயரில், அவருடைய மேற்பார்வையில் நடக்கட்டும். சுவரில் பைப் பதித்து, பூச்சுக்கு முன் ஒரு முறை அவர் வந்து பார்க்க வேண்டும். வயர் இழுத்து, போர்டு கட்டிய பிறகு கருவியோடு இன்னொரு முறை வர வேண்டும். அதற்குரிய கூலியைச் சேர்த்துக் கொடுங்கள். வெறும் கையெழுத்துக்குக் கொடுக்கும் பணத்தைவிட அதிகம் ஆகும். டைல்ஸ் நிறத்துக்காக நாம் கூடுதலாகக் கொடுப்பதோடு ஒப்பிட்டால் பெரிய தொகை இல்லை.

ஒப்பந்ததாரர் வர மறுத்தால் வேறு ஒருவரைத் தேடுங்கள். வராமல் கையெழுத்து மட்டும் போடுகிறவரிடம் பேரம் பேசுவதில் பயனில்லை.

டெஸ்ட் ரிப்போர்ட்டில் எதை எதை உண்மையாகவே அளக்க வேண்டும்?

முதலில் காப்புத் தடை, அதாவது இன்சுலேஷன். எல்லாச் சாதனங்களையும் கழற்றிவிட்டு, 500 வோல்ட் மெக்கரை ஒரு நிமிடம் வைத்துப் பார்த்தால் ஒரு மெகா ஓமுக்குக் குறையக் கூடாது. புது வீட்டில் அதைவிடப் பல மடங்கு கூடுதலாகக் காட்ட வேண்டும். ஒரு மெகா ஓமை ஒட்டி நின்றால் எங்கோ ஆணி இறங்கியிருக்கிறது, அல்லது பைப்பில் தண்ணீர் நிற்கிறது.

அடுத்தது சுவிட்ச் எந்த வயரில் இருக்கிறது என்பது. மின்சாரம் வரும் பேஸ் வயரில் இருக்க வேண்டும். நியூட்ரலில் இருந்தாலும் விளக்கு அணையும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் ஹோல்டரில் மின்சாரம் நின்றுகொண்டே இருக்கும். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறுகிற ஆள்தான் அதைக் கண்டுபிடிப்பார்.

மூன்றாவது, எர்த் வயர் ஒவ்வொரு மூன்று துளை சாக்கெட்டுக்கும் உண்மையிலேயே போகிறதா என்பது. பழைய வீடுகளில் சாக்கெட்டுக்குப் பின்னால் எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்து வைத்திருப்பார்கள். பார்வைக்கு மூன்று துளையிலும் வயர் இருக்கும். வெளியே நியூட்ரல் அறுந்தால் கிரைண்டர், பிரிட்ஜ், வாஷிங் மெஷின் ஆகியவற்றின் உடல் முழுக்க மின்சாரம் வந்துவிடும்.

நான்காவது, கசிவு கண்டால் துண்டிக்கும் கருவி. ஆர்.சி.சி.பி. என்றோ ஆர்.சி.டி. என்றோ கடையில் கேட்டால் கொடுப்பார்கள். வீட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் போட வேண்டும். தமிழ்நாட்டின் மின் பகிர்மான விதிகளும் இப்போது இதைக் கேட்கின்றன. "எம்.சி.பி. இருக்கிறதே, அது போதாதா?" என்று கேட்பவர்களுக்கு: எம்.சி.பி. என்பது மின்சாரம் அளவுக்கு மேல் ஓடினால் விழும் சுவிட்ச், ஆறு ஆம்பியர் எம்.சி.பி. ஆறு ஆம்பியர் வரை சும்மா இருக்கும். அதில் நூறில் ஒரு பங்கு உடலில் ஓடினாலே மனிதருக்கு ஆபத்து. எம்.சி.பி. வயரைக் காப்பாற்றுகிறது, ஆர்.சி.சி.பி. ஆளைக் காப்பாற்றுகிறது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும்.

வயர் தடிமன் பற்றியும் ஒரு வார்த்தை. விளக்குக்கு 1.5, சாதாரண பவர் பாயின்டுக்கு 2.5, ஏ.சி.க்கு 4 சதுர மில்லிமீட்டர் என்பது வழக்கம். எர்த்துக்குப் பச்சை, நியூட்ரலுக்குக் கறுப்பு. மிச்சமிருந்த சிவப்பு வயரை நியூட்ரலுக்கு ஓட்டினால் இன்று ஒன்றும் ஆகாது. பத்து ஆண்டு கழித்து வேறொருவர் அந்த போர்டைத் திறப்பார்.

வேலூர் மண்ணில் எர்த் சரியாக எடுக்காது என்கிறார்களே?

பாதி உண்மை. எர்த் தடை மண்ணின் ஈரத்தைப் பொறுத்தது. சத்துவாச்சாரி மலையடிவாரம் போலப் பாறை மேலாக இருக்கும் இடங்களில் குழி ஆழமாகப் போகாது, கோடையில் மண் கல்லாகிவிடும். பாலாற்றை ஒட்டிய மணற்பாங்கான இடங்களிலும் மேல்மண் வேகமாகக் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் அளந்த எண்ணை வைத்துக்கொண்டு மே மாதத்தில் நிம்மதியாக இருக்க முடியாது.

பாறை இடத்தில் ஒரே குழியோடு போராடாமல், இடைவெளி விட்டு இரண்டு குழிகள் போட்டு இணைப்பது நல்லது. எர்த்திங்குக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3043 இதற்கு இடம் தருகிறது. குழியின் வாயைச் சிமெண்ட் போட்டு மூடிவிட்டு மேலே பார்க்கிங் கல் பதிக்காதீர்கள். தண்ணீர் ஊற்ற வழி வேண்டும், அளக்கவும் வழி வேண்டும். முன்னே சொன்ன ஆர்.சி.சி.பி. சுமாரான எர்த்திலும் வேலை செய்யும் என்பது இப்படிப்பட்ட இடங்களில் அதைக் கட்டாயமாகப் போடுவதற்கு இன்னொரு காரணம்.

அப்படியானால் மின் ஆய்வாளர் எங்கேதான் போகிறார்?

உயரழுத்த இணைப்பு வாங்கும் தொழிற்சாலை, மருத்துவமனை, கல்லூரி. இவற்றுக்கு வரைபடத்தை முன்பே காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும், மின்சாரம் ஏற்றும் முன் ஆய்வும் உண்டு. 15 மீட்டருக்கு மேல் உயரமான கட்டடங்கள். லிப்ட், 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி. சினிமா அரங்குகள். பெரிய ஜெனரேட்டர்கள். ஏற்கெனவே இயங்கும் அமைப்புகளுக்கு ஐந்து ஆண்டுக்கு மிகாத இடைவெளியில் மறு ஆய்வு. இதோடு மின் விபத்து விசாரணை. இவை போதாதென்று மின்நுகர்வு வரி நிர்வாகமும் இந்தத் துறையின் தலையில்தான் இருக்கிறது.

ஆய்வாளர்களை எப்படி நியமிக்கிறார்கள்? அவர்கள் எண்ணிக்கை போதுமா?

உதவி மின் ஆய்வாளர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. ஒருங்கிணைந்த பொறியியல் பணிகள் தேர்வு மூலம் ஆள் எடுக்கிறார்கள். மின்னியல் பொறியியல் பட்டம் வேண்டும். அங்கிருந்து பதவி உயர்வில் மின் ஆய்வாளர், மேலே தலைமை மின் ஆய்வாளர். ஆய்வாளர்களை நியமிக்கும் அதிகாரம் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 162ஆம் பிரிவிலிருந்து வருகிறது. ஆய்வாளர் மின் வாரிய ஊழியர் அல்லர். வாரியத்தின் டிரான்ஸ்பார்மரில் குறை இருந்தாலும் சொல்ல வேண்டியவர். இதை வாரிய ஊழியர்களே சில சமயம் மறந்துவிடுகிறார்கள்.

போதுமா என்ற கேள்விக்கு மேலே சொன்ன வேலைப் பட்டியலே பதில். தோல் தொழிற்சாலைகள், சிப்காட், மருத்துவமனைகள், கல்லூரிகள், மாதத்துக்கு மாதம் முளைக்கும் அடுக்குமாடிகள், அவற்றின் லிப்டுகள் என்று ஒரு பகுதி முழுவதையும் கையளவு அதிகாரிகள் பார்க்க வேண்டியிருக்கிறது. அரசுக்கும் இது தெரியும். அதனால்தான் குறிப்பிட்ட அழுத்தம் வரை சுயசான்று, பட்டயம் பெற்ற மின் பாதுகாப்புப் பொறியாளர் என்ற தனியார் ஏற்பாடு என்று வழிகள் விதிமுறைகளில் வந்திருக்கின்றன. எனக்கு இதில் அரை மனம்தான். ஆள் பற்றாக்குறைக்கு இது தேவையான வழி. ஆனால் உரிமையாளர் சம்பளம் கொடுத்து அழைக்கும் ஆய்வாளர் "மின்சாரம் ஏற்றாதே" என்று சொல்லத் துணிவாரா என்பதை அனுபவம்தான் காட்ட வேண்டும். டெஸ்ட் ரிப்போர்ட் விஷயத்தில் அந்த அனுபவம் எப்படி என்று பார்த்துவிட்டோம்.

மகன் சிகாகோவில் வீடு கட்டுகிறான். அங்கே நகர நிர்வாகமே எலக்ட்ரீசியனுக்கு உரிமம் கொடுக்கிறதாம். அது நல்ல முறையா?

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். பல மாநிலங்களில் மாநில வாரியம் உரிமம் தருகிறது. இல்லினாய், நியூயார்க், பென்சில்வேனியா போன்றவற்றில் மாநில அளவிலான எலக்ட்ரீசியன் உரிமம் இல்லை, அந்தந்த நகரமோ வட்டாரமோ கொடுக்கிறது. ஒரு நகரத்தில் வாங்கியது பக்கத்து ஊரில் செல்லாமல் போகலாம். அந்த வகையில் நம் கிண்டி முறை மேல்.

ஆனால் அங்கிருந்து நாம் ஏங்கிப் பார்க்க வேண்டிய ஒன்று உண்டு. வேலைக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். வயர் ஓடி முடிந்ததும், சுவரை மூடும் முன் உள்ளாட்சி ஆய்வாளர் வந்து பார்க்கிறார். முடிந்த பிறகு மறுபடியும் வருகிறார். சாதாரணக் குடியிருப்புக்கே இப்படி. மர வீடுகள் தீப்பிடித்த வரலாறும், காப்பீட்டு நிறுவனங்களின் நெருக்கடியும் அந்த முறைக்குப் பின்னால் இருக்கின்றன. நம் மாநகராட்சிகளுக்கு இந்த வேலையைக் கொடுத்தால் ஆள் எங்கே என்ற கேள்வி உடனே எழும். ஆனால் பூச்சுக்கு முன் ஒருவர் பார்ப்பது என்ற அந்த ஒரு பழக்கத்தை அரசாணை வரும்வரை காத்திராமல் நாமே வைத்துக்கொள்ளலாம்.

கோயில் திருவிழா, கல்யாண மண்டபம் போன்றவற்றுக்குத் தனி விதி உண்டா?

உண்டு. நூறு பேர் அல்லது அதற்கு மேல் வழக்கமாகக் கூடக்கூடிய இடத்திலும் தெருவிலும், 250 வாட்டுக்கும் 100 வோல்ட்டுக்கும் மேல் மின்சாரம் பயன்படுத்துவதற்கு ஏழு நாளுக்குக் குறையாமல் முன்பே மின் ஆய்வாளருக்கும் மாவட்ட நிர்வாகத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று மின்சாரச் சட்டத்தின் 54ஆம் பிரிவு சொல்கிறது. 250 வாட் என்பது நாலு பழைய குண்டு பல்பு. குடியாத்தம் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவின் ஒரு தெரு அலங்காரமே அதைப் பல மடங்கு தாண்டும்.

விழாக் குழுக்கள் காவல்துறை அனுமதியை நினைவில் வைத்திருக்கின்றன, இதை மறந்துவிடுகின்றன. தற்காலிக இணைப்பு முறையாக வாங்குங்கள், கம்பத்தில் கொக்கி போடாதீர்கள். சீரியல் விளக்கு வயரை இரும்புத் தடுப்பிலோ தகரப் பந்தலிலோ கட்டாதீர்கள். தேர், சப்பரம் போகும் பாதையை வாரிய ஊழியரோடு முன்பே நடந்து பார்த்து, மேலே போகும் கம்பியின் உயரத்தையும் தேரின் உயரத்தையும் ஒப்பிடுங்கள். 2022 ஏப்ரல் 27 அன்று தஞ்சாவூர்க் களிமேட்டில் சப்பரம் மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தார்கள்.

பேரணாம்பட்டில் தோல் பதனிடும் தொழில். குடியாத்தத்தில் தம்பிக்கு விசைத்தறி. எங்களுக்குத் தனியாக ஏதாவது?

தோல் பதனிடும் இடத்தில் உப்பும் ஈரமும் சேர்ந்து எர்த் பட்டையை அரித்துவிடும். மேலே பெயின்ட் அடித்த பட்டை மண்ணுக்குள் நூலாகியிருக்கும். ஐந்து ஆண்டுக்கொரு முறை வரும் ஆய்வை நம்பியிராமல் ஆண்டுதோறும் கோடையில் எர்த் தடையை அளந்து பதிவேட்டில் எழுதுங்கள். ஈரத் தரையில் கையில் பிடித்து வேலை செய்யும் கருவிகளுக்குக் கசிவுத் துண்டிப்பான் இல்லாமல் இணைப்புக் கொடுக்காதீர்கள்.

தறிக்கூடத்தில் எதிரி பஞ்சுத் தூசி. போர்டுக்குள் படிந்து, தளர்ந்த முனையின் சூட்டில் பற்றிக்கொள்ளும். மூடிய போர்டு போடுங்கள், மின்சாரத்தை நிறுத்திவிட்டு மாதம் ஒரு முறை திருகுகளை இறுக்குங்கள்.

விபத்து நடந்துவிட்டால் யாரிடம் சொல்ல வேண்டும்?

முதலில் மெயினை அணையுங்கள், 108ஐ அழையுங்கள். மின்கம்பி அறுந்து விழுந்தது போன்றவற்றுக்கு மின் வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண். பிறகு காவல் நிலையம்.

உயிரிழப்பு ஏற்பட்டால் அது தெரிந்த 24 மணி நேரத்துக்குள் மின் ஆய்வாளருக்குத் தகவல் போக வேண்டும், 48 மணி நேரத்துக்குள் எழுத்தில் அறிக்கை போக வேண்டும். மனிதருக்கு மட்டும் இல்லை, ஆடு மாடு இறந்தாலும் ஆய்வாளருக்குத் தெரிவிக்க வேண்டும். அறிவிக்கும் கடமையை மின்சாரச் சட்டத்தின் 161ஆம் பிரிவு வைக்கிறது. வாரியம் தெரிவித்திருக்கும் என்று விட்டுவிடாமல் நீங்களும் ஒரு கடிதம் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். இழப்பீட்டு வழக்கில் ஆய்வாளரின் அறிக்கைக்கு நல்ல எடை உண்டு. ஆய்வுக்கு முன் வயரை அகற்றாதீர்கள், படம் எடுத்து வையுங்கள். வாரியத்தின் கம்பியால் ஒருவர் இறந்தால், அலட்சியம் இல்லை என்று காட்டி வாரியம் தப்ப முடியாது என்று மத்தியப் பிரதேச மின் வாரிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்திருக்கிறது.

ஆய்வாளர் சொன்ன குறை நியாயமில்லை என்று நினைக்கிறேன்.

எழுத்தில் கேளுங்கள். அவரது முடிவின் மேல் முறையீடு செய்ய 162ஆம் பிரிவே வழி வைத்திருக்கிறது. ஆனால் பெரும்பாலான குறைகள் ஒரு நாள் கூலியில் தீர்பவை. முறையீட்டுக்குச் செலவிடும் நேரத்தில் எர்த் குழியை இன்னொன்று தோண்டிவிடலாம்.

வருகிறவரின் உரிமம் உண்மையானதா என்று எப்படிப் பார்ப்பது?

சான்றிதழைக் கேளுங்கள். பெயர், படம், எண், எந்தத் தேதி வரை செல்லும் என்பவற்றைப் பாருங்கள். ஒப்பந்ததாரர் என்றால் உரிமத்தின் தரத்தையும் பாருங்கள், காலாவதியாகியிருக்கிறதா என்று கவனியுங்கள். புதுப்பிக்காமல் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருக்கும் உரிமங்கள் ஏராளம். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். முறையாக வாங்கியவர் பெருமையாகவே எடுத்துக் காட்டுவார்.

வாடகை வீட்டில் இருக்கிறேன். குழாயைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது. வீட்டுக்காரர் "பழைய வீடு, அப்படித்தான்" என்கிறார்.

அப்படித்தான் என்று எந்த வீடும் இருக்க வேண்டியதில்லை. குழாயில் மின்சாரம் வந்தால் தண்ணீர் மோட்டாரிலோ கீசரிலோ கசிவு இருக்கிறது, எர்த்தும் இல்லை. மோட்டாரையும் கீசரையும் இன்றே நிறுத்துங்கள். எலக்ட்ரீசியன் வந்து பார்க்கும்வரை மோட்டாரைப் போட வேண்டாம், தண்ணீர் பிடித்து வைத்துச் சமாளியுங்கள். மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. பொருத்தச் சொல்லுங்கள். பொருத்தியதும் அது விழுந்துகொண்டே இருந்தால், "இந்தக் கருவி சரியில்லை, எடுத்துவிடலாம்" என்று யாராவது சொல்வார்கள். எடுக்க விடாதீர்கள். எந்த லைனை இணைக்கும்போது விழுகிறது என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் பழுது இருக்கும் இடம் தெரிந்துவிடும். செலவை வீட்டுக்காரர் ஏற்க மறுத்தால் நீங்கள் கொடுத்துவிட்டு, ரசீதை வைத்துக்கொண்டு வாடகையில் கழிப்பது பற்றிப் பேசுங்கள். அந்தப் பேச்சு அடுத்த வாரம் நடக்கலாம், வேலை இந்த வாரமே நடக்கட்டும்.